பிணைந்தது காதலால் அல்ல

பொழுது விடிவதற்குள் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ எல்லையைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் மீண்டும் ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது சக்குபள்ளம். ஏலக்காய் ஏலத்துக்குப் பெயர் பெற்ற வண்டன்மேடும் புற்றடியும் அக்கம்பக்கத்து ஊர்கள். புற்றடி என்ற பெயரைக் கேட்டாலே பாம்பு நினைவுக்கு வருவதில் ஆச்சரியமில்லை. நிழல் மரங்கள், ஈரம், குவிந்து கிடக்கும் சருகு, ஏலக்காய்க்கு வரும் எலி. பாம்புக்கு வேண்டியது எல்லாம் இங்கே இருக்கிறது.

மதியம் தூக்குவாளியைத் திறந்து உட்காரும்போது பேச்சு பாம்பின் பக்கம் திரும்பினால், கதை சொல்ல ஒருவராவது இருப்பார். அந்தக் கதைகளில் அடிக்கடி வருவது ஒரே காட்சி. இரண்டு பாம்புகள் கயிறு முறுக்கியதுபோலப் பின்னிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு மேல் எழுந்து, சாய்ந்து, விழுந்து, மறுபடியும் எழுகின்றன. சுற்றி நிற்கும் மனிதர்களை அவை சட்டை செய்வதே இல்லை.

"சாரையும் நாகமும் பிணையுது" என்பார் கம்பத்துக்காரர். சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்று விளக்கமும் தருவார். யாராவது ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவற்றின் மேல் வீசுவார். அந்தத் துண்டைக் கொண்டுபோய்ப் பூஜை அறையில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்பது தமிழ்நாடெங்கும் உள்ள நம்பிக்கை. இன்னொருவர் கம்பைத் தேடுவார். ஒரே அடியில் இரண்டு பாம்பு என்பது அவருடைய கணக்கு.

துண்டை வீசுபவரும் கம்பை ஓங்குபவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இருவருமே தாங்கள் பார்ப்பது கலவி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது சண்டை.

பின்னிக்கொண்டிருக்கும் இரண்டும் சாரைப் பாம்புகள். இரண்டும் ஆண்கள். தன் கழுத்தால் எதிரியின் கழுத்தை அழுத்தித் தரையில் சாய்ப்பதுதான் ஆட்டத்தின் நோக்கம். கிட்டத்தட்ட நம்மூர் மல்யுத்தம். கடித்துக்கொள்வது அபூர்வம். சில நிமிடங்களில் முடியலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். கடைசியில் ஒன்று பின்னலை விடுவித்துக்கொண்டு புதருக்குள் ஓடுகிறது. பெண் பாம்பு பெரும்பாலும் எங்கோ அருகில் இருக்கும். கூட்டத்தில் யாருடைய கண்ணும் அதன்மேல் விழுவதில்லை.

சாரையும் நாகமும் இணைசேர வழியே இல்லை. சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாகத்திலும் அப்படியே. இரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்கிடையே கலப்பு நடக்காது. அவற்றுக்கிடையே உறவு என்று ஒன்று உண்டென்றால் அது உணவு உறவுதான். நல்லபாம்பு சில சமயம் மற்ற பாம்புகளையும் விழுங்கும். ராஜநாகத்துக்கோ சாரைதான் விருப்பமான இரைகளில் ஒன்று.

நிஜமான பாம்புக் கலவி பார்ப்பதற்குச் சுவாரசியமில்லாத காட்சி. அது நின்று நடப்பதில்லை, கிடந்து நடக்கிறது. ஆண் பாம்பு பெண்ணின் முதுகின் மேல் தாடையைத் தேய்த்தபடி வால் முதல் தலை வரை ஊர்கிறது. நாக்கை நீட்டி நீட்டி வாசனை பிடிக்கிறது. பெண்ணுக்குச் சம்மதமானால் வாலைச் சற்றுத் தூக்குகிறது. ஆணுக்கு இணைசேரும் உறுப்பு இரண்டு, வாலின் அடியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும். ஒரு தடவைக்கு ஒன்றுதான் பயன்படுகிறது. பிறகு இரண்டும் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சருகின் மேல் அப்படிக் கிடக்கும் ஜோடியைத் தாண்டிப் போகிறவர் அதைக் கவனிக்காமலே போய்விடலாம். சண்டை ஊரைக் கூட்டுகிறது. காதல் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

சண்டை எதற்காக? பாம்புக்குக் கூடு கட்டித் தரவோ குஞ்சுக்கு இரை தேடித் தரவோ ஆணின் உதவி தேவையில்லை. ஆண் தருவது விந்து மட்டும். எனவே ஆணின் பிரச்சினை முழுவதும் ஒன்றுதான்: தன் விந்துதான் கருவாக வேண்டும், பிறனுடையது ஆகக்கூடாது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இணைசேர்வதற்கு முன்பே போட்டியாளரை விரட்டிவிடலாம். அல்லது இணைசேர்ந்த பிறகு பெண்ணின் பக்கத்திலேயே இருந்து வேறு யாரையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வழிக்குத் 'துணைக் காவல்' என்று பெயர் வைக்கலாம். பறவைகளிலும் பூச்சிகளிலும் இதைப் பற்றி நிறையவே தெரியும். ஊர்வனவற்றில் அதைப் பார்ப்பது கடினம். பாம்பும் ஓணானும் தங்கள் அந்தரங்கத்தை மனிதருக்குக் காட்டுவதில் கஞ்சர்கள்.

சண்டையின் விளைவு ஆண்களின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பாம்பு இனங்களில் பெண்தான் பெரிது. உடல் பெரிதானால் அதிக முட்டை சுமக்கலாம். ஆனால் ஆண்கள் மல்லுக்கட்டும் இனங்களில் கணக்கு மாறுகிறது. அங்கே ஆண் பெண்ணுக்குச் சமமாக, அல்லது பெண்ணைவிடப் பெரிதாக வளர்கிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஷைன் 1978-ல் பல இனங்களை ஒப்பிட்டு இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார். சாரை இந்தப் பட்டியலில் வரும். ராஜநாகமும் வரும்.

இடுக்கி மலைக்காரர்களுக்கு ராஜநாகம் அந்நியமல்ல. மலையாளத்தில் அதற்கு ராஜவெம்பாலா என்று பெயர். உலகின் மிக நீளமான விஷப்பாம்பு. ஐந்து மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டு வந்த ராஜநாகத்தை, 2024-ல் பி. கௌரி சங்கரும் அவருடைய குழுவினரும் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது தனி இனம் என்று ஆனது. அதற்குக் கொடுக்கப்பட்ட பெயர் காளிங்கா. சக்குபள்ளத்துக்காரர்கள் பார்ப்பது இந்தக் காளிங்கத்தைத்தான்.

இந்தப் பாம்பின் குடும்ப வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கர்நாடகத்தின் ஆகும்பேயிலிருந்து வந்தது. ரோமுலஸ் விட்டேகர் 2005-ல் அங்கே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். சில ஆண்டுகளில், ராஜநாகங்களின் உடலுக்குள் சிறிய ரேடியோ கருவியைப் பொருத்தி நாள்தோறும் அவற்றின் பின்னால் நடக்கும் ஆய்வு தொடங்கியது. அதுவரை பிடிபட்ட பாம்பை மட்டுமே தெரிந்திருந்த விஞ்ஞானத்துக்கு, காட்டில் அது என்ன செய்கிறது என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது.

கோடை நெருங்கும் மாதங்களில் பெண் தன் உடலிலிருந்து ஒரு வாசனைப் பொருளை வழிநெடுக விட்டுச் செல்கிறது. ஆண்கள் நாக்கால் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ஒரே தடத்தில் இரண்டு ஆண்கள் வந்துவிட்டால் சண்டை. விஷத்தால் மனிதனைச் சாய்க்கக்கூடிய இந்தப் பாம்புகள் ஒன்றையொன்று கடிப்பதைத் தவிர்க்கின்றன. தலையை ஓங்கி உயர்த்தி, எதிரியின் தலையைத் தரையோடு அழுத்தப் பார்க்கின்றன. தோற்றது போய்விடுகிறது. வென்றது பெண் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே தங்குகிறது. மண்ணுக்குள் வளையில் பெண் படுத்திருக்க, வெளியே ஆண் காவல் இருப்பது போன்ற காட்சி அது.

காவல் என்றதும் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஆகும்பேயில் ஒரு ஆண், தான் நெருங்கிய பெண்ணையே கடித்துக் கொன்ற சம்பவம் படமாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் அப்போது சினையாக இருந்தது. வேறொரு ஆணின் வாரிசைச் சுமந்ததால்தான் கொல்லப்பட்டது என்பது ஒரு விளக்கம். ராஜநாகம் மற்ற பாம்புகளைத் தின்று வாழும் பிராணி என்பதையும் மறக்க முடியாது. எதுவாக இருந்தாலும், ஆண் காவல் காத்தது பெண்ணை அல்ல, தன் வம்சத்தை.

பெண்ணைப் பற்றிய கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உலகில் கூடு கட்டும் ஒரே பாம்பு ராஜநாகம். கட்டுவது பெண். மழைக்காலத்துக்கு முன், காய்ந்த இலைகளையும் மூங்கில் சருகையும் உடலின் வளையங்களால் அணைத்து இழுத்துக் குவிக்கிறது. கையும் காலும் இல்லாத ஒரு பிராணி இப்படி ஒரு மேட்டை எழுப்பி, அதற்குள் இருபதிலிருந்து நாற்பது வரை முட்டையிட்டு, மேலே படுத்துக் காவல் இருக்கிறது. சருகு மக்கும்போது எழும் சூடு முட்டைக்குக் கதகதப்பு. வாரக்கணக்கில் இரையில்லாமல் கிடந்துவிட்டு, குஞ்சு பொரியும் தறுவாயில் பெண் அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. கண்ணெதிரே ஊரும் சின்னப் பாம்புகளைத் தானே தின்றுவிடாமல் இருக்கத்தான் என்று சிலர் ஊகிக்கிறார்கள்.

ஆண் காவல் நிற்பது பெண்ணின் வாசனை இருக்கும்வரை. பெண் காவல் நிற்பது முட்டை முதிரும்வரை. சருகு மேடு தோட்டத்து ஓரத்திலோ, மூங்கில் புதரடியிலோ இருந்துவிட்டால் ஆபத்து இந்த இரண்டாவது காவலில்தான் இருக்கிறது.

ஓணான்களிடம் போனால் இந்த விவகாரம் வெளிச்சத்தில் நடக்கிறது. செஞ்சி, நாமக்கல் போன்ற பாறைப் பிரதேசங்களில் வெயில் ஏறியதும் பாறை உச்சியில் நின்று தண்டால் எடுக்கும் ஓணானைப் பார்த்திருக்கலாம். தன் எல்லைக்குள் வசிக்கும் பெண்களைப் பிற ஆண்களிடமிருந்து காத்துக்கொள்ளும் ஆண் அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரும் அனுராதா பத்தபயாலும் இந்தப் பாறை ஓணான்களை ஆராய்ந்தார்கள். 2017-ல் வெளியான அவர்களுடைய முடிவு சுவையானது. பெண்ணின் முன்னால் ஆண் ஒரு வண்ணம் காட்டுகிறது, எதிரியின் முன்னால் வேறொரு வண்ணம். பெண்ணுக்கான வண்ணத்தில் பளிச்சென்ற வேறுபாடு முக்கியம். எதிரிக்கான வண்ணத்தில் வேகம் முக்கியம். மயக்குவதற்கு அழகு, மிரட்டுவதற்கு அவசரம்.

ஏலத்தோட்ட நிழல் மரங்களில் பறக்கும் ஓணான் இருக்கிறது. விலா எலும்புகள் தாங்கும் தோலை விசிறிபோல் விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். ஆணின் தொண்டையில் மஞ்சள் நிறக் கொடி ஒன்று. எதிரியைக் கண்டால் அதை நீட்டி நீட்டி மடக்குகிறது. பெண்ணைக் கண்டாலும் அதே கொடிதான்.

காவலில் உலக சாதனை என்றால் ஆஸ்திரேலியாவின் 'உறங்கும் பல்லி'க்குத்தான் கொடுக்க வேண்டும். கட்டை வாலும் சோம்பல் நடையும் கொண்ட அரணை இனம் அது. ஃபிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புல் 1982 முதல் தொடங்கி 2016-ல் இறக்கும்வரை அவற்றைப் பின்தொடர்ந்தார். வசந்த காலம் வந்ததும் ஆண் ஒரு பெண்ணின் பின்னால் நடக்கத் தொடங்குகிறது. ஆறு முதல் எட்டு வாரம் வரை, கலவிக்கு முன்பே, கூடவே நடக்கிறது. பெண் வயிறார மேய்கிறது. ஆண் குறைவாகவே தின்கிறது, கவனம் முழுவதும் சுற்றுப்புறத்தில். பருவம் முடிந்ததும் தத்தம் வழியே போகின்றன. அடுத்த ஆண்டு அதே ஆண் அதே பெண்ணைத் தேடி வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படிச் சேர்ந்த ஜோடிகளை புல் பதிவு செய்தார். ஒரு துணை வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தால் மற்றது அதன் பக்கத்திலேயே நின்று நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதையும் கண்டார்.

பக்கத்தில் நின்று காவல் காக்க நேரமில்லாத ஆண்களும் உண்டு. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் பனிக்காலம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் சுண்ணாம்புக் குகைகளிலிருந்து வெளியே வருகின்றன. ஒரு பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் பந்தாய்த் திரள்கின்றன. இங்கே மல்யுத்தத்துக்கு இடமில்லை. இணைசேர்ந்த ஆண், பெண்ணின் உடலில் பசைபோன்ற ஒரு அடைப்பை விட்டுச் செல்கிறது. சாவி இல்லாத பூட்டு. சிறிது காலத்துக்காவது வேறு ஆணால் எதுவும் செய்ய முடியாது. ராபர்ட் மேசனும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1989-ல் இந்தப் பெண் பாம்பின் கவர்ச்சி வாசனை எந்த ரசாயனம் என்று கண்டுபிடித்தார்கள். பாம்பு உலகில் காதலின் மொழி முழுக்க முழுக்க மூக்கின் மொழி என்பது அதற்குப் பிறகு ஐயமின்றி ஆனது. பாம்புக்கு அந்த மூக்கு வாயின் மேலண்ணத்தில் இருக்கிறது. பிளவுபட்ட நாக்கு வெளியே துழாவிக் கொண்டுவரும் வாசனையை அங்கேதான் சேர்க்கிறது.

இத்தனை காவலும் பூட்டும் போட்டும் ஆண்கள் ஜெயித்துவிட்டார்களா என்றால், இல்லை. ஊர்வனப் பெண்களின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. பல இனங்களில் பெண் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் சிறைப்பட்டிருந்த ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு, ஐந்து ஆண்டுகள் ஆணையே பார்க்காமல் குட்டி போட்டது. 2011-ல் மரபணுச் சோதனை அது சேமித்து வைத்த விந்துதான் என்று காட்டியது. ஸ்வீடனில் விரியன் இனப் பாம்புகளை ஆராய்ந்த மாட்சனும் ஷைனும் அவர்களுடைய சகாக்களும் 1992-ல் இன்னொன்றைச் சொன்னார்கள். பல ஆண்களோடு சேர்ந்த பெண்ணுக்குச் செத்துப் பிறக்கும் குட்டிகள் குறைவு. காவலை மீறுவதால் பெண்ணுக்கு லாபம் இருக்கிறது. யார் தகப்பன் என்பதை முடிவு செய்யும் கடைசி அதிகாரம் பெண்ணின் உடலுக்குள்ளே இருக்கிறது.

நம் வீட்டுப் பூந்தொட்டியிலேயே இதன் எல்லை இருக்கிறது. மண்ணைக் கிளறினால் மண்புழுபோல் கறுப்பாக நெளியும் புழுப்பாம்பு, உலகமெங்கும் தொட்டிச் செடிகளோடு பயணம் செய்த ஒன்று. அதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண்கள். ஆண் துணையில்லாமலே முட்டையிட்டுப் பெருகுகின்றன. காவலும் இல்லை, சண்டையும் இல்லை.

ஆண் என்றாலே வம்பு என்றும் முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையில், குளத்துக்கு ஒரு ஆண் ராஜாங்கம் நடத்தும். மற்ற ஆண்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கும். பெண்களைத் தன் அதிகாரத்துக்குள் வைத்துக்கொள்ளும் அதே முரட்டு ஆண், குஞ்சு பொரிந்ததும் அவற்றை வாயில் மெல்லக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோனதை ஜெஃப்ரி லாங், விட்டேகர், ஹாரி ஆண்ட்ரூஸ் மூவரும் 1986-ல் எழுதினார்கள். முதலைத் தகப்பன் பிள்ளை வளர்க்கும் என்பது அப்போது விஞ்ஞானிகளுக்கே செய்தி.

இதெல்லாம் ஏலத்தோட்டத்தில் நிற்பவருக்கு எதற்கு? இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று நம்பிக்கையைப் பற்றியது, மற்றது உயிரைப் பற்றியது.

ஜோடிப் பாம்பில் ஒன்றைக் கொன்றால் மற்றது தேடி வந்து பழிவாங்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். 1979-ல் வெளியான 'நீயா?' அந்த நம்பிக்கையைத் தமிழ்நாட்டுத் திரையெங்கும் படம் எடுத்தாட வைத்தது. பாம்பின் மூளையில் கொலைகாரனின் முகத்தை நினைவில் வைக்க இடமில்லை. ஆனால் நம்பிக்கை காற்றிலிருந்து முளைத்ததாகவும் தெரியவில்லை. பருவ காலத்தில் ஒரு பெண்ணை அடித்துக் கொன்று முற்றத்திலோ வேலியோரத்திலோ போட்டால், அதன் வாசனை அங்கேயே நிற்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரக்கூடும். மறுநாள் அதே இடத்தில் இன்னொரு பாம்பைப் பார்ப்பவருக்கு அது பழி வாங்க வந்ததாகத் தோன்றும். அது வந்தது பெண் தேடி. செத்துப்போனது என்று அதற்குத் தெரியாது. பாம்பை அடித்தால் பாம்பு போய்விடும் என்ற கணக்கும் இந்தப் பருவத்தில் பொய்த்துப்போகிறது.

சண்டையைக் கலவி என்று நினைத்துக் கிட்டே போகிறவர் வேறு கணக்கையும் தவறவிடுகிறார். பின்னிக் கிடப்பது சாரை என்று தூரத்திலிருந்து எல்லோராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நல்லபாம்பும் இதேபோல் மல்லுக்கட்டும், ராஜநாகமும் கட்டும். கவனம் எதிரியின்மேல் இருக்கும்வரை மனிதனை அவை பொருட்படுத்துவதில்லை. துண்டு மேலே விழுந்தாலோ கம்பு பட்டாலோ நிலைமை மாறிவிடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள்.

இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுவது. ராஜநாகத்துக்கு அதில் இடமில்லை. மலைத்தோட்டங்களில் உள்ள குழிவிரியன்களுக்கும் இல்லை. கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் வீண். உறுப்பை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு விரைவதுதான் வழி. மலைப்பாதையில் அந்த விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் கடிபடாமல் இருப்பதே மருந்து.

இனி, கம்பை ஓங்குபவர் பக்கத்துக் கணக்கு. சாரை விஷமில்லாதது. எலி ஏலக்காயைக் கடித்துச் சேதம் செய்யும் தோட்டத்தில், கூலி வாங்காமல் எலி பிடிக்கும் ஆள் அது. மல்லுக்கட்டும் இரண்டு சாரைகளையும் அடித்துக் கொன்றால் போனது நன்கு வளர்ந்த இரண்டு எலிக்காவலர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாரைக்கும் பொருந்தும். 2022-ல் திருத்தப்பட்ட பிறகு நல்லபாம்பும் ராஜநாகமும் சாரையும் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் வரிசையில், இடம் பெற்றிருக்கின்றன.

அடிக்காமல் பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கேரள வனத்துறை பாம்பு பிடிப்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, 'சர்ப்பா' என்ற செல்போன் செயலி வழியாக அவர்களை அழைக்க ஏற்பாடு செய்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்த பாம்புக்கு அது நல்ல வழி. ஆனால் பருவ காலத்து ராஜநாகத்தைத் தொலைதூரம் கொண்டுபோய் விடுவதில் சிக்கல் இருக்கிறது. ஆகும்பே பகுதியில் இடம்மாற்றி விடப்பட்ட ராஜநாகம் ஒன்றை ரேடியோ கருவியோடு பின்தொடர்ந்தவர்கள் 2013-ல் எழுதியது இதுதான்: சொந்த இடத்தில் இருந்த பாம்பைவிட அது மிக அதிக தூரம், இலக்கில்லாமல் அலைந்தது. அலையும் பாம்பு புதிய ஊர்களுக்குள் நுழைகிறது, புதிய மனிதர்களைச் சந்திக்கிறது. பெண்ணின் தடத்தில் வந்த ஆண், காலம் முடிந்ததும் தானே போய்விடும். கூட்டில் காவல் இருக்கும் பெண்ணை எடுத்துவிட்டால் முட்டைக்குக் காவல் இல்லை. இரண்டு மூன்று மாதம் அந்த மூலையில் சருகு வாராமல், வேலியோ அடையாளமோ வைத்து, ஆட்களை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது தோட்டத்துக்காரருக்குப் பெரிய செலவில்லை. சொல்லவேண்டியது வேலைக்கு வரும் ஆட்களிடம், அவர்களுக்குப் புரியும் மொழியில், அன்றைக்குக் காலையிலேயே.

பாம்பைத் தெரிந்தவர்கள் இதைப் புத்தகம் படித்துக் கற்றவர்கள் அல்ல. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள், மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே பாம்பின் போக்கைச் சொல்லிவிடும் கைதேர்ந்தவர்கள். அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைக் கண்டதும் துண்டையோ கம்பையோ எடுக்காமல், முதலில் நின்று பார்ப்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம்.

அரச மரத்தடியில் நட்டுவைத்திருக்கும் நாகக் கற்களில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு, தலையை உயர்த்தி, முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். பிள்ளை வரம் கேட்டு அவற்றைச் சுற்றி வருகிறார்கள். கல்தச்சன் எங்கோ ஒரு வயல் வரப்பில் இரண்டு ஆண் பாம்புகள் மல்லுக்கட்டியதைக் கண்டு அதைச் செதுக்கியிருக்கக்கூடும். அவன் கண்டது சண்டை. அந்தச் சண்டையும் பிள்ளைக்காக நடந்ததுதான். எனவே வரம் கேட்பவர்கள் முற்றிலும் தவறான கல்லைச் சுற்றவில்லை.

சக்குபள்ளத்தில் மாலை ஜீப் கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் மறுபடியும் அந்தக் கதையைச் சொல்வார். சாரையும் நாகமும் என்றே தொடங்குவார். கேட்பவர்களில் ஒருவராவது, "இரண்டும் சாரைதான் அண்ணே, இரண்டும் ஆம்பிளை, கிட்டப் போயிடாதீங்க" என்று சொன்னால் போதும். துண்டு தோளிலேயே இருக்கும். கம்பு வேலியிலேயே கிடக்கும். தோற்ற சாரை ஓடிப்போகும். வென்றது தன் வேலையைப் பார்க்கும்.